இருநூறு வருஷம் கழித்து யார் கணக்குப் பார்ப்பார்கள்?

12 ஜனவரி 2025, இரவு

தேவகோட்டைக்காரர் ஒருவர், இப்போது சிங்கப்பூரில் இருப்பவர், இப்படிக் கேட்டிருந்தார்: "செயற்கை நுண்ணறிவு எல்லா வேலையையும் செய்யப்போகிறது. நோய் ஒழியும், மரணமே தள்ளிப்போகலாம், மனிதன் செவ்வாயில் குடியேறுவான். இன்னும் இருநூறு வருஷத்தைப் பற்றி நாம் உட்கார்ந்து கவலைப்பட என்ன இருக்கிறது? வருகிறவர்கள் நம்மைவிடப் பணக்காரர்கள், நம்மைவிடப் புத்திசாலிகள். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

செவ்வாய் வரைக்கும் சரி என்று தலையாட்டிக்கொண்டு வந்தேன். கடைசி வரியில்தான் இடறியது.

தொழில்நுட்பம் தூக்கிவிட்டு ஊரே உயரப் போவது எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துக்குப் புதிதில்லை. நீராவிக் கப்பல் ஓட ஆரம்பித்திருந்தது, தந்தி வந்திருந்தது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கீழ் பர்மாவின் அரிசிக்கு ஐரோப்பாவில் பெரிய சந்தை பிறந்தது. 1850களில் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த டெல்டா நெல் பரப்பு, 1930களில் 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. சதுப்புக் காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் இங்கிருந்து கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வட்டித் தொழில் செய்யப் போன செட்டியார்கள். கானாடுகாத்தான் மாளிகைகளில் நீங்கள் படம் எடுத்துப் போடுகிற தேக்குத் தூணும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்து இறங்கிய காலம் அது.

1930இல் நெல் விலை சரிந்தது. கொடுத்த கடனுக்குப் பணம் வரவில்லை, நிலம்தான் வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது; 1938இல் 25 விழுக்காடு. அடுத்தவன் நாட்டில் கால்வாசி வயலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் நிம்மதியாக இருக்க முடியும்? 1942இல் ரங்கூன் ஜப்பானிடம் விழுந்தது. 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. எங்கள் ஐயா நடந்தே திரும்பியவர். பத்திரங்கள் இன்னும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கின்றன, எழுத்து அழியாமல்.

1920இல் எங்கள் வளவில் யாரைக் கேட்டிருந்தாலும், பேரன் காலம் நம் காலத்தைவிடச் செழிப்பாக இருக்கும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

13 ஜனவரி, காலை

"அப்படியானால் உங்களைக் கவிழ்த்தது தொழில்நுட்பம் இல்லையே, அரசியல்தானே" என்று புதுவயலிலிருந்து ஒரு கேள்வி. ஆமாம். கப்பல் கடைசிவரை ஒழுங்காகத்தான் ஓடியது. நான் சொல்ல வந்ததும் அதுதான். கால்வாய் எவ்வளவு அரிசி போகும் என்பதைத் தீர்மானித்தது. அந்த அரிசியில் யாருக்கு எவ்வளவு, விலை விழுந்தால் யார் தலையில் விழும் என்பதையெல்லாம் கால்வாய் தீர்மானிக்கவில்லை. அதை எழுதியது கடன் பத்திரம்.

இன்னொன்று. நேற்று நம் பக்க நஷ்டத்தை மட்டும் எழுதினேன். வயலை இழந்த பர்மியக் குடும்பத்தின் பேரன் இதே கதையை எழுதினால் அதில் நாம் எப்படி இருப்போம் என்பதையும் யோசிக்க வேண்டும். ஏஐ வைத்திருக்கும் கம்பெனிகளைப் பற்றி நாம் இன்று பேசுகிற தொனியில்தான் அவர்கள் எங்கள் ஐயாவைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

19 ஜனவரி

பொங்கல் கூட்டமெல்லாம் கிளம்பிவிட்டது, வீடு அமைதி. "வருகிறவர்கள் பணக்காரர்கள்" என்ற வாதத்தைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். பொருளாதாரக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். எதிர்கால நஷ்டத்தை வட்டி போட்டுப் பின்னோக்கிக் கழித்து, இன்றைக்கு அதன் பெறுமானம் இவ்வளவு என்கிறார்கள். வட்டிக்கடைப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருநூறு வருஷம் கழித்து ஒரு கோடி ரூபாய் நஷ்டம் வரப்போகிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு 5 விழுக்காடு கூட்டு வட்டியில் அதன் இன்றைய பெறுமானம் சுமார் 578 ரூபாய். ஒரு கோடி நஷ்டத்தைத் தடுக்க இன்று அறுநூறு ரூபாய் செலவழிப்பதுகூட வீண் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. 1.4 விழுக்காடு என்று போட்டால் அதே ஒரு கோடி இன்றைக்கு 6 லட்சத்துக்குமேல். பிரிட்டிஷ் அரசுக்காக 2006இல் நிக்கோலஸ் ஸ்டெர்ன் தந்த பருவநிலை அறிக்கை இந்த 1.4ஐ ஒட்டித்தான் போனது. 2018இல் நோபல் வாங்கிய நோர்தவுஸ் அது மிகவும் குறைவு என்று சண்டை போட்டார். உடனே எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் இருந்த தூரத்தில் பெரும்பகுதி இந்த ஒரு எண்ணில் அடங்கிவிடும்.

நம்மூர்ப் பழைய வழக்கப்படி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது வருஷத்துக்கு 12 என்று போட்டால்? இருநூறு வருஷத்துக்குப் பிந்தைய ஒரு கோடி, இன்றைக்கு ஒரு பைசாவில் ஏழில் ஒரு பங்கு. அந்த ஒரு கோடியைக் காப்பாற்ற இன்று ஒரு டீக் காசு செலவழிப்பதுகூட வீண்.

சிங்கப்பூர்க்காரர் மனசுக்குள் எத்தனை விழுக்காடு போட்டு வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் மேலே பேசலாம்.

20 ஜனவரி

அவர் பதில்: "அறம் என்று பார்த்தால் பூஜ்யம், பழக்கம் என்று பார்த்தால் பன்னிரண்டு." நல்ல ஆள்.

23 ஜனவரி

கூட்டு வட்டி இல்லாமலும் நெடுங்காலக் கணக்கு போட்டிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று விகிதம் இருக்கிறது. ஆட்டை இடையர் பொறுப்பில் விடுவார்கள். அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும், குட்டி போடும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்றே பெயர். காலக்கெடு சந்திரனும் சூரியனும் உள்ளவரை.

இதில் நான் ரசிப்பது பக்தியை அல்ல, ஏற்பாட்டை. பணத்தை ஓரிடத்தில் கொட்டிவிட்டுப் போகவில்லை. யார் அளக்க வேண்டும், எவ்வளவு, எந்த அளவையால் என்பதைக் கல்லில் வெட்டிவிட்டார்கள். தவறினால் ஊரில் யாரும் கல்லைக் காட்டிக் கேட்கலாம். ராக்கெட் விடுகிற எந்தக் கம்பெனியும் இவ்வளவு தெளிவாக எழுதி நான் பார்த்ததில்லை.

சூரியன் உள்ளவரை என்றதும் ஒரு குறும்பர் எழுதியிருக்கிறார்: சூரியனுக்கு இன்னும் சுமார் 500 கோடி வருஷம் இருக்கிறதாம், ஆனால் சுமார் 100 கோடி வருஷத்திலேயே பூமியின் கடல் வற்றத் தொடங்கிவிடுமாம், "அப்போது உழக்கு நெய்யைத் தள்ளுபடி செய்வார்களா?" கோயில் கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன்.

2 பிப்ரவரி

ஏஐ பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறேன் என்று குறை. வருகிறேன்.

தம்பி மகன் பெங்களூரில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவன் ஐயா பர்மாவில் பெகு ஊரில் எழுதிய பேரேட்டைப் போனில் படம் பிடித்து ஏஐயிடம் கொடுத்தான். அரை நிமிஷத்தில் அட்டவணை வந்துவிட்டது. தேதி, பெயர், வரவு, பற்று, கீழே கூட்டல். நான் வாயைப் பிளந்தது உண்மை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறது. இயந்திரம் அதைத் தமிழ் எண் ௨ என்று எடுத்து, முதல் வரியில் இரண்டு ரூபாய் வரவு வைத்துவிட்டது. ௮ என்று எட்டு ரூபாய் எழுதிய இடத்தை ஒருவருடைய பெயரின் முதலெழுத்து 'அ' என்று ஆக்கியிருந்தது. கடைசிக் கூட்டல் அதன் கணக்குப்படி கச்சிதம். அதுதான் பயம். கூட்டல் இடித்திருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். அடுத்த பக்கத்தில் மாகாணியை ரூபாயில் பதினாறில் ஒன்று என்று சரியாகப் போட்டிருந்தது. தம்பி மகனுக்கு மாகாணி என்றால் என்ன என்றே தெரியாது. இன்னும் சில வருஷத்தில் பிள்ளையார் சுழியும் அதற்குப் புரிந்துவிடும், சந்தேகமில்லை. என் கவலை அதன் பிழையில் இல்லை.

அந்தக் கால வட்டிக்கடையில் வேலைக்கு மூன்று படிநிலை இருந்தது. முதலில் பெட்டியடிப் பையன். கோடு போடுவான், கடிதத்தை நகல் எடுப்பான், திட்டு வாங்குவான். அப்புறம் அடுத்தாள். அப்புறம் மேலாள். மேலாளுக்கு எந்தக் கணக்கில் வில்லங்கம் என்று மூக்கில் வியர்க்கும். அந்த மூக்கு பெட்டியடியில் கோடு போட்டுத்தான் வந்தது. பெட்டியடி வேலை முழுவதையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், முப்பது வருஷம் கழித்து மேலாள் எங்கிருந்து வருவார்? சுழியைச் சுழி என்று சொல்ல என் தலைமுறையில் ஆள் இருந்தது. தம்பி மகன் தனியாக இருந்திருந்தால் அந்த இரண்டு ரூபாய் வரவாகவே நின்றிருக்கும்.

3 பிப்ரவரி, இரவு

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒரு மென்பொருள்காரர்: "வேலை போவது சின்ன விஷயம். நம்மைவிடப் புத்திசாலியான ஒன்றை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதுதான் பெரிய விஷயம். ஹின்டனே பயப்படுகிறார்." ஏஐக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான, 2024இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஹின்டனைச் சொல்கிறார். அவர் பயப்படுவது உண்மைதான், வெளிப்படையாகப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இதற்கும் எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு காகிதம் இருக்கிறது. முதலாளி பள்ளத்தூரில், பணம் பெகுவில், நடுவில் கடல். அங்கே உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுக்கு உள்ளூர் நிலவரம் முதலாளியைவிட நன்றாகத் தெரியும். அவர் நினைத்தால் முழுங்கிவிடலாம். எப்படி வைத்திருந்தார்கள்? சம்பளச் சீட்டு எழுதுவார்கள். தவணை மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குப் போய்விடும். லாபத்தில் ஒரு பங்கு உண்டு. கணக்கு ஒழுங்காக ஊருக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். தவணை முடிந்தால் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும், அடுத்தவர் போய்ப் பெட்டியை எண்ணி வாங்குவார். ஏமாற்றினால் வேறு கடையில் வேலை கிடைக்காது, பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் வராது.

சென்னைக்காரர் உடனே கேட்பார் என்று தெரியும்: இயந்திரத்துக்கு யார் பெண் கொடுக்கப் போகிறார்கள்? அங்கேதான் இது உடைகிறது. ஏஜெண்டின் குடும்பம் இங்கே இருந்தது, அவருக்கு இழக்க ஏதோ இருந்தது. இயந்திரத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் தவணை, கணக்கு, திரும்ப அழைக்கும் உரிமை, மூன்றும் அதனிடமும் நடக்கும். நான் பயப்படுவது மூன்றாவது கைவிட்டுப் போகும் நாளுக்கு. இயந்திரம் மறுத்து நிற்கும் என்று நினைத்து இல்லை. அதை நிறுத்தினால் வேலை நடக்காது என்ற நிலைமைக்கு நாமே வந்து, நாமே தவணையை நீட்டிக்கொண்டு போவோம். தவணை முடிந்த ஏஜெண்டை "இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்" என்று விட்ட கடைகள் என்ன ஆயின என்பதற்கு எங்கள் உறவிலேயே கதை உண்டு. பெயர் வேண்டாம்.

5 பிப்ரவரி

பழனிக்கு நடக்கிறவர்கள் குன்றக்குடி தாண்டிவிட்டார்கள். சாலையில் பஸ் போகிறது, காவடிக்கு முன்னால் போகிறவர் கையில் போனில் வரைபடம் ஓடுகிறது, கால் மட்டும் பழைய கால். எது எளிதாகிறதோ அதைத்தான் மனிதர்கள் செய்வார்கள் என்று எழுதுகிறவர்கள் தைப்பூசத்துக்கு ஒரு நடை வந்து பார்க்கலாம். எனக்கு முழங்கால் விடவில்லை, இந்த வருஷமும் பந்தலில் மோர் ஊற்றுகிற வேலைதான்.

16 பிப்ரவரி

நெடுங்காலம் என்றால் எவ்வளவு என்று ஒருவர் அளவு கேட்டார். இங்கே சிவகங்கை மாவட்டத்திலேயே தொடங்கலாம். கீழடியில் கிடைத்த மாதிரி ஒன்றின் கரிமக் காலக் கணிப்பு கி.மு. 580 என்று 2019 அறிக்கை சொன்னது. பானை ஓட்டில் கீறிய பெயர்களை இன்றும் வாசிக்கிறோம். என் கல்யாண வீடியோ கேசட்டைப் போட்டுப் பார்க்க இந்த மாவட்டத்தில் கருவி தேடி அலுத்துவிட்டேன்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப் பலகை எழுதியவர். கிடைத்த புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை வாங்கியது; 1994இல் அது சென்னையில் நூலகமானது. சுமார் ஒரு லட்சம் உருப்படி. கூகிள் வருவதற்கு முன்னாலேயே அங்கே நுண்படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல குளிரில் வைத்தால் அந்தப் படச்சுருள் சில நூறு வருஷம் தாங்கும். வாசிக்க ஒரு விளக்கும் ஒரு லென்ஸும் போதும்.

நெடுங்காலத்தின் இன்னொரு முனை பின்லாந்தில். ஓல்கிலூத்தோ என்ற இடத்தில், 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து, அணு உலைக் கழிவைத் தாமிரக் கலத்தில் அடைத்து, சுற்றிலும் களிமண்ணை இறுக்கிப் புதைக்க ஏற்பாடு. ஒரு லட்சம் வருஷம் தாங்க வேண்டும் என்று கணக்கு. ஆக்ஸிஜன் இல்லாத தண்ணீரில் தாமிரம் அரிக்குமா அரிக்காதா என்று சுவீடனில் ஆண்டுக்கணக்காகச் சண்டை நடந்தது. அரிமானம் என்றாலே நம் காரைக்குடி சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்தார். 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியார் 1957இல் காலமானார். பாலத்துக் கம்பி துருப்பிடிப்பதிலிருந்து லித்தியம் பேட்டரி வரை அங்கே வேலை நடக்கிறது. தான் பார்க்காமல் போகப்போகிற பலனுக்கு அவர் எத்தனை விழுக்காடு வட்டி கழித்தார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

23 பிப்ரவரி

சிங்கப்பூர்க்காரருக்கு இன்னொரு தகவல். வருகிறவர்கள் பார்த்துக்கொள்ள, வருகிறவர்கள் முதலில் வர வேண்டும். எங்கள் பள்ளிக்கூட நாளில் ஜனத்தொகை வெடிப்பு என்று பயமுறுத்தினார்கள். ஐ.நா.வின் 2024 கணிப்புப்படி உலக மக்கள்தொகை 2080களில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு இறங்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. தென் கொரியாவில் 2023இல் 0.72. நாலு கட்டு வீட்டில் ஒரு காவல்காரரும் ஒரு கேமராவும் மட்டும் இருப்பது எப்படி இருக்கும் என்று உலகம் தெரிந்துகொள்ள வேண்டுமானால் எங்கள் தெருவுக்கு வரலாம்.

போன மாதம் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற ஒரு பட்டறையில் நின்றிருந்தேன், எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் உடைந்த கற்களுக்கு மாற்று வேண்டி. கண்ணாடிச் சில்லை வைத்து, அதன்மேல் இரும்பு அச்சை வைத்து, அறை அறையாக நிறக் குழம்பை ஊற்றுகிறார். அச்சைத் தூக்கும்போது கை ஒரு மயிரிழை நடுங்கினாலும் பூவின் ஓரம் கலங்கிவிடும். மேலே மணலும் சிமெண்டும் தூவி அமுக்கி, காய்ந்ததும் தண்ணீரில் ஊற வைக்கிறார். கண்ணாடியை உரித்தால் மினுமினுப்பு தானாக வருகிறது. இயந்திரக் கை வாங்கினால் என்ன என்று கேட்டேன். "வாங்கலாம் அண்ணே, இந்த ஊர் மணல் இன்னிக்கு எவ்வளவு ஈரம்னு அதுக்கு யாரு சொல்றது, நான்தானே" என்றார். மகன் என்ன செய்கிறான் என்றேன். திருப்பூரில்.

2 மார்ச்

"மொத்தத்தில் நீங்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரி" என்று ஒருவர் முடிவுரை எழுதிவிட்டார். அப்பத்தாவின் முகத்தில் பெரியம்மைத் தழும்பு இருந்தது, என் மகள் முகத்தில் இல்லை. நான் எதற்கு எதிரியாக இருக்கப் போகிறேன்?

ஆனால் அந்த அம்மைக் கதையையும் முழுசாகப் பாருங்கள். ஜென்னர் பசு அம்மையைக் குத்திப் பார்த்தது 1796. இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே. ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980. மருந்து கையில் வந்து ஏறக்குறைய 180 வருஷம். அது தீர்ந்தது எப்படி? உறைந்து உலர்ந்த மருந்தும் இரட்டை முனையுள்ள கவட்டை ஊசியும் உதவின. மிச்சமெல்லாம் வீடு வீடாகப் போய், அம்மை கண்டவர் படத்தைக் காட்டி, இப்படி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டு, நோட்டில் எழுதி, அந்த வீட்டைச் சுற்றி மட்டும் ஊசி போட்ட வேலை. செய்தி சொன்னவருக்குப் பரிசுகூட உண்டு. 180 வருஷத்தில் மருந்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம், அந்த நோட்டுக்காரர்களை மறந்துவிட்டோம்.

9 மார்ச்

இன்று பங்காளிகள் கூட்டம். மேல்தளத்தில் சூரிய மின்பலகை போடுவதாகத் தீர்மானம், ஆட்சேபம் இல்லை, விலையும் நன்றாக இறங்கிவிட்டது. விற்க வந்தவர் 25 வருஷ உத்தரவாதம் என்றார். இருபத்தாறாவது வருஷம் பலகையைக் கழற்றிக் கீழே இறக்கி எங்கே கொண்டுபோய்ப் போடுவது, அதற்கு யார் பணம் என்று கேட்டேன். அவருக்கு அப்போது ஒரு போன் வந்துவிட்டது.

புள்ளிக்கு, அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று வருஷாவருஷம் ஒதுக்கி, பேரேட்டில் அதற்கு ஒரு தனிப் பற்று எழுதச் சொன்னேன். பெரியவர்கள் சிரித்தார்கள். தம்பி மகன் வீடியோவில் இருந்தான், வட்டி எத்தனை விழுக்காடு போடுவது பெரியப்பா என்று கேட்டான். ஒன்றரை போடு என்றேன். மூன்று என்கிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.